தொழில்முனைவர் வேறு, தொழிலதிபர் வேறு

பல்கலைக்கழக மாணவர்கள் தாமே ஒரு மன்றம் அமைத்து, சொந்தமாக நிறுவனம் தொடங்கியவர்களை அழைத்து, அவர்கள் பட்டறிவைக் கேட்டுப் பழகும் வழக்கம் இப்போது பல நாடுகளில் வேரூன்றியிருக்கிறது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இத்தகைய மாணவர் அமைப்பு 1998இலேயே தோன்றிவிட்டது. நம் மொரீசியஸிலும் இந்த ஆர்வம் பரவிவருவது நல்லதே. ஆனால் இங்கே தமிழில் வெளியாகும் அறிவிப்புகளில் இம்மன்றங்களுக்கு 'மாணவர் தொழிலதிபர் மன்றம்' என்றும், நிறுவனம் தொடங்கியவரின் உரைக்கு 'தொழிலதிபருடன் ஒரு சந்திப்பு' என்றும் பெயர் வைக்கிறார்கள். அறிவிப்பில் படித்தும் மேடையில் கேட்டும் சலித்துப்போன இச்சொல்லாட்சி பிழையானது, அங்கே வரவேண்டியது 'தொழில்முனைவர்' என்பதே என் கருத்து.

இவர்கள் 'தொழிலதிபர்' என்று பெயர்க்கும் மூலச்சொல் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆளும் 'entrepreneur'. அதன் வரலாறு சுருக்கமானது. பிரெஞ்சில் 'ஆந்த்ரப்ராந்த்ர்' என்றால் ஒரு வேலையை மேற்கொள்ளுதல். அதைச் செய்பவர் 'ஆந்த்ரப்ரனர்'. வீடு கட்டித் தரும் ஒப்பந்தக்காரரையும் பிரெஞ்சில் இன்றுவரை இச்சொல்லால்தான் குறிக்கிறார்கள் என்பது பிரெஞ்சு நாளிதழ் படிக்கும் நம் தீவினருக்குப் புதிதன்று. ஆங்கிலேயர் இதை வெகுநாள் 'அண்டர்டேக்கர்' என்று பெயர்த்தனர். 1776இல் வெளிவந்த தம் பொருளியல் நூலில் ஆடம் ஸ்மித் கையாண்டதும் அதுவே. பின்னர் அச்சொல் ஈமச்சடங்கு நடத்துவோருக்கே உரியதாகிவிட, ஆங்கிலமும் பிரெஞ்சுச் சொல்லையே எடுத்துக்கொண்டது.

இச்சொல்லுக்குப் பொருளியலில் திட்டமான பொருளைக் கொடுத்தவர், அயர்லாந்தில் பிறந்து பாரிஸில் வங்கித்தொழில் செய்த ரிச்சர்ட் காண்டியோன். அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், 1755இல், அச்சேறிய கட்டுரையில் அவர் வகுத்த இலக்கணம் எளிமையானது: தெரிந்த விலைக்கு வாங்கி, என்ன விலை கிடைக்கும் என்று தெரியாத நிலையில் விற்பவர் எவரோ அவரே ஆந்த்ரப்ரனர். தண்ணீர் சுமந்து விற்பவரையும் புகைபோக்கி துடைப்பவரையும் அவர் அப்பட்டியலில் சேர்த்தார். பிச்சைக்காரரையும் கொள்ளையரையும்கூட விட்டுவைக்கவில்லை. முதலே இல்லாமல் தன் உழைப்பை மட்டும் கொண்டு இறங்குபவரும் அவர் கணக்கில் ஆந்த்ரப்ரனரே. தண்ணீர் சுமப்பவரைத் 'தொழிலதிபர்' என்று அழைக்க எந்தத் தமிழருக்கு நா எழும்?

நம் தலைநகர் போர்ட் லூயியில் கண்ணாடிப் பெட்டியில் தால் பூரி அடுக்கி வைத்து விற்கும் அம்மாளைப் பாருங்கள். விடியுமுன் பருப்பை வேகவைத்து அரைத்து, மாவுக்குள் பொதிந்து, தேய்த்துச் சுட்டுக்கொண்டு வருகிறார். அவரைக்கறியும் தக்காளி ரூகாயும் கொத்தமல்லிச் சட்னியும் தடவி இரண்டிரண்டாகச் சுருட்டித் தாளில் மடித்துத் தருகிறார். பருப்பும் மாவும் எண்ணெயும் என்ன விலை என்பது காலையிலேயே அவருக்குத் தெரியும். பத்து மணிக்கு மழை கொட்டி அலுவலகத்தார் வெளியே தலைகாட்டாமல் போனால் எத்தனை மிஞ்சும் என்பதுதான் தெரியாது. காண்டியோன் சொன்னது இவரைத்தான். இவர் எதற்கும் அதிபர் அல்லர். அந்தத் தள்ளுவண்டியேகூட வாடகையாக இருக்கலாம்.

'அதிபர்' என்பது வடசொல். மேலாள்பவர், தலைவர் என்று பொருள். நாட்டு அதிபர் என்கிறோம். இலங்கைத் தமிழருக்குப் பள்ளித் தலைமையாசிரியர் அதிபர். எங்கே வந்தாலும் அது ஏற்கனவே கைவந்துவிட்ட ஓர் இடத்தைக் குறிக்குமே அன்றி, அந்த இடத்தை நோக்கிய முயற்சியைக் குறிக்காது. வழக்கிலும் அப்படித்தான்: 'தொழிலதிபர் வீட்டில் வருமான வரிச் சோதனை', 'பிரபல தொழிலதிபர் மகள் திருமணம்' என்று செய்தித்தாள் எழுதும்போது படிப்பவர் மனத்தில் எழுவது ஆலையும் காரும் மாளிகையும். சோகோ மென்பொருள் நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்புவை இன்று தொழிலதிபர் என்பதில் தவறில்லை. அந்நிறுவனம் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தோன்றிய நாளில் அவரை அப்படி அழைத்திருந்தால் அது நையாண்டியாகவே பட்டிருக்கும். ஆனால் மாணவர் மன்றத்துக்கு அன்றைய வேம்புதான் வேண்டும், இன்றையவர் அல்லர்.

சொல் பிழைத்தால் நிகழ்ச்சியும் திசைமாறுகிறது என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். 'தொழிலதிபர் வருகிறார்' என்று அறிவித்துவிட்டால், வருபவருக்குப் பொன்னாடையும் மாலையும் உண்டு, புகழுரை அரை மணி நேரம் உண்டு, கடைசியில் மாணவர் கேள்விக்கு ஐந்து நிமிடம் எஞ்சினால் மிச்சம். அந்த ஐந்து நிமிடத்திலும் 'உங்கள் வெற்றியின் இரகசியம் என்ன?' என்று ஒருவர் கேட்பார். 'கடின உழைப்பு' என்று அவர் விடை சொல்வார். படம் எடுத்துக்கொண்டு கலைவார்கள். முதன்முதலில் காசு கொடுத்து வாங்கியவர் யார், அவருக்கு முன் வேண்டாம் என்று சொன்னவர்கள் என்ன காரணம் சொன்னார்கள், விலையை எத்தனை தடவை மாற்றினீர்கள், சம்பளம் கொடுக்கப் பணமில்லாத மாதத்தில் என்ன செய்தீர்கள், கூடத் தொடங்கிய நண்பர் ஏன் விலகினார் என்பனவல்லவா கேட்க வேண்டியவை? அதிபரிடம் இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று மாணவர் எண்ணுகிறார்; தொழில் முனைந்தவரிடம் கேட்பதோ இயல்பு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 'தொழிலதிபர்' என்றால் எல்லாருக்கும் புரியும், 'தொழில்முனைவர்' என்பது அகராதிக்காரர்கள் செய்த சொல், பொதுமக்கள் வாயில் வராது என்கிறார்கள். தமிழ்நாட்டில் 'தொழில்முனைவோர்' அரசுத் திட்டங்களிலும் நாளிதழ்களிலும் வேரூன்றிப் பல்லாண்டுகள் ஆகின்றன. நம் பிள்ளைகளை எடுத்துக்கொண்டாலும், வீட்டில் கிரியோல் பேசிப் பள்ளியில் தமிழை ஒரு பாடமாக மட்டும் படிக்கும் ஒருவருக்கு 'அதிபர்' என்ற வடசொல் தனியாகக் கற்க வேண்டிய சொல். 'முனை'யோ பென்சில் முனையிலேயே அறிமுகமாகிவிட்டது. முனைதல், முனைப்பு, முனைந்து செய்தல் என்று அதன் கிளைகள் எல்லாம் விளங்கும்படி நிற்கின்றன. போர்முனையும் அதே வேரினது என்பதால், எதிர்ப்பட்டதைத் தாங்கி முன்செல்லும் குறிப்பும் சேர்ந்தே வருகிறது. துணிந்து முதலிடுவதைப் பேசத் தமிழில் மரபில்லை என்ற புலம்பலும் செல்லாது. 'ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடையார்' என்று வள்ளுவர் இலாபம், முதல், முயற்சி மூன்றையும் ஒரே குறளில் எடைபோட்டிருக்கிறார்.

உண்மையில் குறை மக்கள் வாயில் இல்லை, மொழிபெயர்ப்பவர் கையில் இருக்கிறது. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதிய அறிவிப்பை மாலை ஆறு மணிக்கு அனுப்பி, மறுநாள் காலை தமிழில் வேண்டும் என்பார்கள். அவரும் கணினிப் பெயர்ப்பியில் இட்டு, முதலில் வந்ததை எடுத்து ஒட்டிவிடுவார். அடுத்த மன்றம் அந்த அறிவிப்பைப் பார்த்துத் தன் அறிவிப்பை எழுதும். மொரீசியஸ் பணத்தாளில் தமிழ் எழுத்து இந்திக்குப் பின்னால் தள்ளப்பட்டதற்காக 1998இல் கொதித்தெழுந்து, அந்தத் தாள்களையே திரும்பப் பெறவைத்த சமூகம் நாம். எழுத்து எங்கே நிற்கிறது என்பதில் இருந்த அந்த அக்கறையில் பாதியாவது அது என்ன சொல்கிறது என்பதிலும் இருக்கலாகாதா?

மற்றச் சொற்களில் எனக்குப் பெரிய வழக்கில்லை. 'ஸ்டார்ட்அப்' என்பதற்குத் தமிழ்நாட்டு அரசு ஆளும் 'புத்தொழில்' போதும். தெருமுனையில் புதிதாகத் திறக்கும் முடிதிருத்தகமும் அதில் அடங்கிவிடும் என்ற குறை உண்டுதான், ஆனாலும் தொடக்கப்பள்ளியை நினைவூட்டும் 'தொடக்க நிறுவன'த்தைவிட அது மேல். தொடங்கியவரை 'நிறுவனர்' என்பதே பெருவழக்கு. 'நிறுவுநர்' என்பது இலக்கணத்துக்கு இன்னும் நேரானது.

எஞ்சியது ஒருமை பன்மை. 'முனைவோர்' என்பது பலர்பால் வடிவம். ஆகவே 'ஒரு தொழில்முனைவோர்' என்று எழுதுவது உறுத்துகிறது. ஒருவரைத் தொழில்முனைவர் என்றும், பலரைத் தொழில்முனைவோர் என்றும், செயலைத் தொழில்முனைவு என்றும் எழுதலாம். மன்றத்துக்கு 'மாணவர் தொழில்முனைவு மன்றம்' என்று பெயர் வைக்கலாம். அச்சிடுபவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: சொல்லை நடுவில் பிரிக்காதீர்கள். 'தொழில்' ஒரு வரியிலும் 'முனைவர்' அடுத்த வரியிலும் விழுந்துவிட்டால், படிப்பை இடையில் நிறுத்திவிட்டுக் கடை தொடங்கிய இளைஞருக்கு நாமே ஆய்வுப் பட்டம் கொடுத்து மேடையேற்றியதாகிவிடும்.