ஈபி லைன் இல்லாத தோப்புக்குக் கேமரா: கணக்கை ராத்திரியிலிருந்து போடுங்கள்

ஊரைத் தாண்டி இருக்கும் தென்னந்தோப்புகளில் மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போகிறார்கள், உள்ளே இருக்கும் செம்புக்காக. உடனே வரும் யோசனை, ஒரு சோலார் கேமராவை மாட்டிவிடலாம் என்பதுதான். மோட்டார் கொட்டகையில் கரண்ட் இருந்தாலும் தோப்பு வாசலிலோ கடைசி மூலையிலோ இருக்காதே. கடையில் விசாரித்தால் எத்தனை மெகாபிக்சல், ராத்திரியில் கலராகத் தெரியுமா என்று ஆரம்பிப்பார்கள். அதெல்லாம் அப்புறம். கேமரா ராத்திரியில் எத்தனை வாட் இழுக்கும் என்று முதலில் கேளுங்கள்.

ஏன் ராத்திரி? இருட்டியதும் கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு எல்இடிகள் எரியத் தொடங்கும், பேனலிலிருந்தோ ஒன்றும் வராது. 24 மணி நேரமும் ஓடும் ஒரு 4ஜி கேமரா பகலில் 4 வாட், ராத்திரியில் 6 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பாதியாகப் பிரித்தால் ஒரு நாளைக்கு 120 வாட்-மணி. நம் ஊரில் பேனலுக்குக் கிடைக்கும் முழு வெயில் சராசரியாக நாலரை மணி நேரம் என்று எடுத்தால், சூடு, தூசி, வயர், கன்ட்ரோலர் எல்லாவற்றிலும் போவது போக 20 வாட் பேனல் 60 வாட்-மணியைத் தாண்டுவதே கஷ்டம். தேவையில் பாதிதான்! 40 வாட் போட்டால் சித்திரையில் சரியாகப் போய்விடும். ஆனால் ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த இரண்டு மாதத்தையும் தாண்ட வேண்டும் என்றால் 80 வாட்டுக்குக் குறையாமல் போடுவதுதான் நல்லது, மூன்று நாள் வெயிலே இல்லாவிட்டாலும் தாங்கும் பேட்டரியும் வேண்டும். அதற்கு 360 வாட்-மணி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் 12.8 வோல்ட், 40 ஏ.எச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) போதும். ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் அதில் 60 ஏ.எச் பார்க்க வேண்டும். தகரப் பெட்டிக்குள் வைத்து வெயிலில் வேகவிட்டால் எந்த பேட்டரியும் நிற்காது.

பேனலைத் தெற்குப் பார்த்து, பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வில் வைத்தால் மழையே தூசியைக் கழுவிவிடும். நிழல்தான் பெரிய வில்லன். பேனலுக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருக்கின்றன, அதனால் ஒரு செல் மேல் ஒரே ஒரு தென்னை மட்டையின் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் அந்த செல் விடும் அளவு கரண்டைத்தான் கொடுக்கும். வாய்க்காலில் ஓர் இடத்தில் மண் சரிந்தால் கடைமடைக்குத் தண்ணீர் குறைகிற மாதிரி. பைபாஸ் டயோடு இருந்தால் அடைபட்ட பகுதியைச் சுற்றிக்கொண்டு கரண்ட் போகும், அந்தப் பகுதியின் மின்சாரம் மட்டும் போச்சு. சிறிய பேனல்கள் எல்லாவற்றிலும் இது இருக்கும் என்று நம்ப வேண்டாம். கம்பத்தை மரத்தடியை விட்டுத் தள்ளி நடுங்கள்.

'ஆள் வந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும்' கேமராவும் இருக்கிறது, மின்சாரம் மிகக் குறைவாகத்தான் எடுக்கும். ஆனால் அதன் சென்சார் பார்ப்பது உருவத்தை அல்ல, வெப்ப வித்தியாசத்தை. நம் தோலின் சூடு 33, 34 டிகிரி. கோடை மத்தியானத்தில் பின்னால் இருக்கும் தரையும் சுவரும் அதே சூட்டுக்கு வரும் நேரத்தில் ஆள் குறுக்கே நடந்தாலும் அதற்குப் பெரிதாக எதுவும் தெரியாது. ராத்திரியில் நன்றாகவே வேலை செய்யும். திருட்டு ராத்திரியில்தான் என்றால் இதையே வாங்கலாம், பேனலும் சின்னதாகப் போதும்.

அடுத்தது டேட்டா. 4 எம்பிபிஎஸ் வீடியோ ஓடினால் மணிக்கு 1.8 ஜிபி, நாளைக்கு 43 ஜிபி. தினம் 2 ஜிபி கொடுக்கும் ரீசார்ஜ் ஒன்றேகால் மணி நேரத்துக்குக்கூட வராது. அதனால் பதிவு முழுவதும் கேமராவில் உள்ள மெமரி கார்டிலேயே இருக்கட்டும், சிம் வழியாக எச்சரிக்கையும் தேவைப்படும்போது பார்க்கும் துண்டு வீடியோவும் மட்டும் வரட்டும். வாங்குவதற்கு முன்னால் கம்பம் நடப்போகும் இடத்தில் போனை வைத்து எந்த சிம்முக்கு சிக்னல் நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்து தோப்பு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் வீட்டு இன்டர்நெட்டை வயர் இல்லாமல் தோப்புக்குக் கொண்டுபோகும் 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பிரிட்ஜ் ஜோடி (முனைக்கு ஒரு ஆன்டெனா) ஒன்றை மாட்டலாம், மாதா மாதம் தோப்புக்கென்று தனி ரீசார்ஜ் வேண்டாம். இதில் பலரும் தவறவிடுவது, இரண்டு ஆன்டெனாவும் ஒன்றையொன்று பார்த்தால் மட்டும் போதாது என்பதை. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் நடுவழியில் அலை ஏறக்குறைய மூன்றரை மீட்டர் ஆரத்துக்கு விரிகிறது, அதில் பாதிக்கு மேலாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். ஓலை, அதுவும் மழையில் நனைந்த ஓலை, சிக்னலை நன்றாகவே குடிக்கும். இன்று கண்ணுக்குத் தெரியும் எதிர்முனை, இடையில் உள்ள கன்றுகள் வளர்ந்தால் மறைந்துவிடும். பிரிட்ஜ் போட்டால் தோப்பு முனையில் அதற்கும் நாலைந்து வாட் போகும், 24 மணி நேரமும். நாளைக்கு ஏறக்குறைய 100 முதல் 120 வாட்-மணி கூடுகிறது, மேலே கணக்குப் போட்ட பேனலும் பேட்டரியும் ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டிவரும்.