ஏறி ஓட்டும் புல்வெட்டியில் முதலில் சோர்வது எது?

புல் வெட்டத் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். எஞ்சின் சத்தத்தில் மாற்றமே இல்லை, பிளேடும் அதே வேகத்தில் சுற்றுகிறது. ஆனால் முதல் சுற்றில் சுலபமாக ஏறிய மேட்டில் இப்போது வண்டி திணறுகிறது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஏறுகிறது. எஞ்சினைச் சந்தேகித்து ஸ்பார்க் பிளக்கையும் கார்புரேட்டரையும் மாற்றிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். கோளாறு அங்கே இல்லை. சீட்டுக்குக் கீழே, இரண்டு பின்சக்கரங்களுக்கு நடுவில் உள்ள அலுமினியக் கூட்டுக்குள் இருக்கிறது.

அதுதான் ஹைட்ரோஸ்டேட்டிக் டிரான்ஸ்மிஷன். எஞ்சினிலிருந்து வரும் பெல்ட் உள்ளே ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்பில் வட்டமாக அடுக்கிய சின்னச் சின்ன பிஸ்டன்கள், அவற்றின் தலை உரசிக்கொண்டு சுற்றுவதற்கு ஒரு தட்டு. தட்டு நேராக இருந்தால் பிஸ்டன்கள் முன்பின் அசைவதில்லை, வண்டி நிற்கும். பெடலை மிதித்தால் தட்டு சாய்கிறது. சாய்ந்த அளவுக்குப் பிஸ்டன்கள் எண்ணெயைத் தள்ள, அந்த அழுத்தம் ஒரு மோட்டாரைச் சுழற்றிச் சக்கரத்தை ஓட்டுகிறது. தட்டு மறுபக்கம் சாய்ந்தால் ரிவர்ஸ்.

இந்தப் பிஸ்டன்களுக்கு ரப்பர் வளையம் கிடையாது. பிஸ்டனுக்கும் துளைக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான். அதில் நிற்கும் எண்ணெய்ப் படலமே அடைப்பு. எண்ணெய் சூடானால் நீர்த்துப்போய் அந்த இடுக்கு வழியே கசியும். கசியும் எண்ணெய் சக்கரத்துக்கு எந்த வேலையும் செய்யாமல் வெப்பத்தை மட்டும் கூட்டும், கூடிய வெப்பம் எண்ணெயை இன்னும் நீர்க்கவைக்கும். தேய்ந்த உலோகத் துகள்கள் துளையில் கீறல் போட்டுவிட்டால், பிறகு ஆறவிட்டும் பயனில்லை.

ஆகவே வாங்கும்போது பானட்டில் எழுதியிருக்கும் குதிரைத்திறனைப் பார்ப்பதற்கு முன் பின் அச்சைப் பார்க்க வேண்டும். கூட்டின் மேல் மாடல் எண் ஒட்டியிருக்கும். ஆரம்ப விலை லான் டிராக்டர்களில் (டிராக்டர் வடிவப் புல்வெட்டிகளில்) பரவலாக வரும் டஃப் டார்க் கே46 டிரான்ஸ்மிஷன் போன்றவை சமதரைக்கும் லேசான வேலைக்கும் செய்தவை. அதன் அச்சு முக்கால் அங்குலத் தடிமன். கனமான வகைகளில் ஒரு அங்குலம் வரும். சரிவான நிலமோ, டிரெய்லர் இழுக்கும் எண்ணமோ இருந்தால் இந்தக் கால் அங்குலத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகும். ஒரு கணக்கு: ஆளோடு சேர்த்து 330 கிலோ வரும் வண்டியை 15 டிகிரி சரிவில் ஏற்ற, கயிறு கட்டி 85 கிலோவைத் தூக்கும் அளவு இழுவை வேண்டும். புல்தரையின் உராய்வு இதில் சேரவில்லை.

எண்ணெய் மாற்றும் வசதியும் வெளியே ஃபில்டரும் உள்ள டிரான்ஸ்மிஷன் நீண்ட நாள் உழைக்கும். மாற்றியபின் உள்ளே தங்கும் காற்றை வெளியேற்றுவது அவசியம். பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, பைபாஸ் லீவரை (எண்ணெய் மோட்டாரைச் சுழற்றாமல் திருப்பிவிடும் லீவர்) திறந்து, எஞ்சின் ஓடும்போது பெடலை முன்னும் பின்னும் ஐந்தாறு முறை மெதுவாக மிதிக்க வேண்டும். பிறகு லீவரை மூடி அதையே திரும்பச் செய்ய வேண்டும். கூட்டின் மேலுள்ள விசிறியும் அதைச் சுற்றிய ஃபின்களும் (வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய தகடுகள்) புல் தூசியால் மூடியிருந்தால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. பைபாஸ் லீவரைத் திறக்காமல் வண்டியைத் தள்ளவோ கட்டி இழுக்கவோ கூடாது.

அடுத்தது டெக், அதாவது பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூடு. தகட்டின் கேஜ் எண் குறையக் குறையத் தடிமன் கூடும்: 13 கேஜ் சுமார் 2.3 மி.மீ., 11 கேஜ் 3 மி.மீ., 7 கேஜ் 4.5 மி.மீ. தகட்டை அச்சுக்குள் வைத்து அழுத்திச் செய்த மெல்லிய டெக்கின் வளைவுகளில் காற்று நன்றாகச் சுழலும், புல் நிமிர்ந்து நின்று வெட்டுப்படும். அது மட்டமான பொருள் என்று ஒதுக்க வேண்டாம். அது பலவீனப்படுவது ஸ்பிண்டில் (பிளேடைத் தாங்கிச் சுழலும் தண்டு) பொருத்திய இடத்தில்தான். பிளேடு வேரிலோ கல்லிலோ மோதும் அதிர்ச்சி முழுவதையும் அந்த நாலைந்து போல்ட் துளைகள்தான் வாங்குகின்றன. துளை நீள்வட்டமாகும், பிறகு ஓரத்தில் மயிரிழை போல விரிசல் ஓடும். அந்த இடத்தில் கூடுதல் தகடு வைத்து வலுவூட்டியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். (அதற்குமுன் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.)

பெல்ட்டைக் கழற்றிப் பிளேடைக் கையால் சுற்றினால் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். கரகரவென்றாலோ, பிளேடு நுனியை மேலும் கீழும் அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தாலோ பேரிங் போய்விட்டது. கிரீஸ் நிப்பிள் உள்ள ஸ்பிண்டில் நல்லது, ஆனால் கிரீஸ் கன்னை விடாமல் அழுத்தினால் சீல் பிதுங்கிவிடும். டெக்கின் அடியில் ஈரப் புல் அப்பிக்கொண்டால் துரு பிடிக்கும். அதைச் சுரண்டி எடுப்பதே மேல், வேகமான தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்துவிடும்.

எஞ்சினில் தேட வேண்டியவை சிலிண்டரின் உட்புறத்தில் இரும்பு ஸ்லீவ் (உறை), அழுத்தத்தில் எண்ணெய் செலுத்தும் பம்ப், ஆயில் ஃபில்டர். ஒற்றை சிலிண்டரைவிட இரட்டை சிலிண்டருக்கு அதிர்வு குறைவு. மூடிக்குள் ஃபின்களில் புல்லும் எலிக்கூடும் அடைத்து, ஒரு சிலிண்டர் மட்டும் சூடேறி ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் நடுவிலுள்ள அடைப்பு) போவது வழக்கமான சாவு. ஆண்டுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து சுத்தம் செய்தால் போதும்.

வெட்டும்போது முழு த்ராட்டிலில் ஓட்டுங்கள். எஞ்சினைப் பாதுகாப்பதாக நினைத்துக் குறைத்தால் மூன்று நஷ்டம்: பிளேடு நுனி வேகம் குறைந்து புல் கிழிபடும், எஞ்சின் விசிறி மந்தமாகும், டிரான்ஸ்மிஷன் விசிறியும் கூடவே மந்தமாகும்.

அளவைப் பொறுத்தவரை, 42 அங்குல டெக் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில், திருப்பங்களுக்குப் போக, ஒரு ஏக்கரை ஏறக்குறைய 50 நிமிடத்தில் முடிக்கும். பெரும்பாலான கையேடுகள் விதிக்கும் சரிவு எல்லை 15 டிகிரி, அதாவது கிடைமட்டமாக 10 மீட்டருக்கு 2.7 மீட்டர் உயரம். லான் டிராக்டரில் சரிவின் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், குறுக்கே போனால் கவிழும்.

பழைய வண்டி வாங்குவதானால் விற்பவர் ஸ்டார்ட் செய்து காட்டுவதோடு திருப்தி அடையாதீர்கள். நாற்பது நிமிடம் வெட்டி நன்றாகச் சூடேறியபின் ஒரு மேட்டின் நடுவில் நிறுத்துங்கள். பிறகு பெடலை மிக மெதுவாக மிதியுங்கள். எண்ணெய் ஓட்டம் குறைவாகவும் அழுத்தம் அதிகமாகவும் இருக்கும் அந்த நிலையில்தான் கசிவு மறைக்க முடியாமல் வெளிப்படும். வண்டி சீராக நகர வேண்டும். ஊளைச் சத்தத்தோடு நின்ற இடத்திலேயே நின்றால், புது டிரான்ஸ்மிஷன் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.