ஸ்டைல் ஷீட்: பாணித்தாளும் அதன் இரண்டு மரபுகளும்

ஸ்டைல் என்ற சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் ஸ்டிலுஸ். மெழுகு பூசிய பலகையில் எழுதப் பயன்பட்ட கூர்முனைக் கருவி அது; நம் எழுத்தாணிக்கு நேரானது. கருவியின் பெயர் அதைக் கொண்டு எழுதும் முறைக்கு ஆகி, பிறகு எதையும் செய்யும் தனிப்போக்குக்கும் ஆனது. 'யாழ் கேட்டாள்' என்பதில் யாழ் இசையைக் குறிப்பது போன்ற கருவியாகுபெயர்தான். ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'ஒய்' நுழைந்தது, தூண் எனப் பொருள்படும் கிரேக்க ஸ்டைலோஸுடன் குழப்பிக்கொண்டதால்.

பதிப்பகங்களில் ஸ்டைல் ஷீட் என்பது எந்தச் சொல்லை எப்படி எழுதுவது, எங்கே சேர்ப்பது, எங்கே பிரிப்பது என்று பிழைதிருத்துபவர் மேசையில் இருக்கும் தாள். கணினியில் அது உள்ளடக்கத்திலிருந்து தோற்றத்தைப் பிரித்து எழுதும் விதித்தொகுப்பு. வலைப்பக்கங்களுக்காக 1994 அக்டோபரில் ஹோகோன் வியூம் லீ முன்மொழிந்த சிஎஸ்எஸ் என்ற பாணித்தாள் மொழி, 1996 டிசம்பரில் முதல் பரிந்துரையாக வெளியானது. அதே இலக்கணத்தைச் சாளரம், பட்டன், பட்டியல் போன்ற வரைகலைப் பொருள்களுக்குக் கொண்டுவந்தது, சி பிளஸ் பிளஸ் மொழியில் செயலிகளின் திரைகளை அமைக்க உதவும் கியூட் நூலகத்தின் 4.2 பதிப்பு, 2006இல்.

தமிழில் நடைத்தாள், பாணித்தாள் இரண்டும் சொல்லப்படுகின்றன. நடை என்றதும் மொழிநடைதான் மனத்தில் எழும். பட்டனின் கரைக்கும் நிறத்துக்கும் அது ஒட்டவில்லை. பதிப்பகத் தாளை நடைத்தாள் என்றும் கணினிக் கோப்பைப் பாணித்தாள் என்றும் வைத்துக்கொள்வதே பொருத்தம்.

உண்மையான சிக்கல், ஒன்றின் பண்புகள் இன்னொன்றுக்கு வந்துசேர்வதைக் குறிக்கும் இன்ஹெரிடன்ஸில் இருக்கிறது. தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினிப் பாடநூல், ஒரே வகைப் பொருள்களுக்கான வார்ப்பாகிய கிளாஸை இனக்குழு என்றும் இன்ஹெரிடன்ஸை மரபுரிமம் என்றும் சொல்கிறது. ஆனால் பாணித்தாளில் இந்த ஒரே சொல் இரு வேறு உறவுகளைச் சுட்டுகிறது. ஓர் இனக்குழு இன்னொன்றிலிருந்து பிறப்பது ஒன்று. ஒரு பொருள் தன்னை உள்ளடக்கிய பொருளிடமிருந்து எழுத்துருவையும் நிறத்தையும் பெறுவது மற்றொன்று. முதலாவதை வகைவழி மரபு, அடுத்ததை இடவழி மரபு எனத் தனித்தனியே அழைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

வகைவழி மரபு வேலை செய்வதைக் கியூட்டில் எளிதாகப் பார்க்கலாம். ஒரு சட்டத்துக்குக் கரை போட நினைத்துக் சட்டங்களுக்கான இனக்குழுவாகிய கியூஃபிரேம் என்ற பெயரில் விதி எழுதுகிறோம். ஓட்டிப் பார்த்தால் உள்ளே இருக்கும் லேபிள்கள், பட்டியல்கள், பலவரி உரைப்பெட்டிகள் எல்லாவற்றையும் சுற்றிக் கட்டம். ஒருவரி உள்ளீட்டுப் பெட்டி மட்டும் தப்பியிருக்கும். காரணம், கியூலேபிள் பிறந்தது கியூஃபிரேமிலிருந்து. உரைப்பெட்டி அதன் பேரப்பிள்ளை; பட்டியல் அதற்கும் கீழான தலைமுறை. ஒருவரிப் பெட்டியாகிய கியூலைன்எடிட்டோ, திரைப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் மூலமான கியூவிட்ஜெட்டின் நேர்ப் பிள்ளை. இனக்குழுப் பெயரை மட்டும் எழுதினால் அந்த விதி வழித்தோன்றல்கள் அனைத்துக்கும் பொருந்தும். பெயருக்கு முன் ஒரு புள்ளி வைத்தால் அந்த இனக்குழுவோடு நின்றுவிடும். ஒரே ஒரு பொருளுக்கு வேண்டுமென்றால் அதற்குப் பெயர் சூட்டி, ஹாஷ் குறியிட்டு அழைப்பதே பாதுகாப்பு. விதி எதற்குப் பொருந்தும் என்று சொல்லும் பெயர்ப்பகுதியாகிய தேர்வியே இல்லாமல் கரை, நிறம் என்று மட்டும் எழுதிச் சட்டத்துக்குக் கொடுத்தாலும், அது எல்லாவற்றுக்குமான விதியாகி, உள்ளிருக்கும் அத்தனைக்கும் பரவும்.

இடவழி மரபில் நிலைமை தலைகீழ். வலைப்பக்கத்தில் எழுத்துருவும் நிறமும் வெளிப் பெட்டியிலிருந்து உள்ளே தானே இறங்கும். கியூட்டின் பாணித்தாளில், தேர்வியோடு ஒரு பொருளுக்கென எழுதியவை அதன் உள்ளிருப்பவற்றுக்கு இயல்பாக இறங்காது; 5.7 பதிப்பில் வந்த ஒரு செயலி அமைப்பை இயக்கினால்தான் இறங்கும். சிஎஸ்எஸ் பழகியவர்கள் அதிகம் தடுக்குவது இங்கேதான்.

கியூவிட்ஜெட்டிலிருந்து சொந்தமாக ஓர் இனக்குழு எழுதுவோருக்கு இன்னொன்று. விதி சரியாக இருந்தும் பின்னணி நிறம் வராது. இனக்குழு வரையறையில் கியூ-ஆப்ஜெக்ட் என்ற மேக்ரோ, அதாவது கியூட் தரும் குறுங்கட்டளை, இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் பெயரைத் தேர்வி அடையாளம் காணாது. அதோடு பொருளைத் திரையில் வரையும் பெயின்ட்-ஈவென்ட் செயற்கூற்றை மீள எழுதி, அதற்குள் வரைவதற்கான விவரங்களைத் தாங்கும் ஸ்டைல்-ஆப்ஷனைத் தொடங்கி, விட்ஜெட்டின் அடிப்படை உருவை வரையும்படி ஸ்டைலிடம் சொல்ல வேண்டும். சி பிளஸ் பிளஸில் நான்கைந்து வரிதான்.