ஊதிய இடைவெளி வேறு, ஊதியப் பாகுபாடு வேறு

கிழக்கு லண்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், போன மாதம் தன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். ஊழியர் அறையில் கெட்டில் வைத்திருக்கும் மேசைக்கு மேலே ஒட்டியிருந்த தாள் அது. நிர்வாகம் நாலைந்து மொழிகளில் ஒட்டியிருக்கிறது. தமிழ்த் தாளின் தலைப்பு: ‘பாலின ஊதியப் பாகுபாட்டு அறிக்கை’.

“தம்பி, அப்ப எங்களுக்கு ஆம்பிளையளை விடக் குறைச்சுத்தான் தாறாங்களோ?” என்று கேட்டார்.

ஆண்களின் சம்பளத்துக்கும் பெண்களின் சம்பளத்துக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் குறிக்கும் ‘ஜென்டர் பே கேப்’ என்பதைப் ‘பாகுபாடு’ என்று எழுதுவதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. செய்திகளில் வருகிறது, விளக்கக் காணொளிகளில் வருகிறது, இப்போது கெட்டிலுக்கு மேலேயும் வந்துவிட்டது. அது தவறு. பொருளையே தலைகீழாக்கும் தவறு.

முதலில் அந்த அறிக்கை என்னவென்று பார்த்துவிடலாம். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் கீழ் 2017 ஏப்ரலில் சில விதிகள் நடைமுறைக்கு வந்தன. 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 5ஆம் தேதி நிலவரப்படி தன் சம்பளப் பட்டியலை ஆண், பெண் என்று பிரித்துக் கணக்கெடுத்து, ஓர் ஆண்டுக்குள் அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும். தன் தளத்திலும் வெளியிட வேண்டும். ஒரு மணி நேரச் சம்பளத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் எத்தனை சதவீத வித்தியாசம், போனஸில் எவ்வளவு, ஆண்களிலும் பெண்களிலும் போனஸ் வாங்கியவர்கள் எத்தனை சதவீதம் என்று சொல்ல வேண்டும். அப்புறம், எல்லா ஊழியர்களையும் சம்பள வரிசையில் நிறுத்தி நாலு சம கூறாக வெட்டினால் ஒவ்வொரு கூறிலும் பெண்கள் எத்தனை சதவீதம் என்றும் காட்ட வேண்டும். இதில் எங்கேயும் ‘ஒரே வேலைக்கு’ என்ற பேச்சே கிடையாது. மொத்த ஆண்கள் ஒரு பக்கம், மொத்தப் பெண்கள் ஒரு பக்கம், நடுவே எவ்வளவு தூரம், அவ்வளவுதான் கேள்வி.

சொற்களின் பிறப்பு பெரிய சிக்கல் இல்லை. ஊதியம் பழைய சொல். ‘ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு’ என்ற குறளில் அதற்குப் பயன், ஆதாயம் என்று பொருள். உழைப்புக்குக் கிடைக்கும் பணம் என்ற பொருள் பின்னால் வந்தது. இடைவெளி என்றால் இரண்டு பொருளுக்கு நடுவிலுள்ள வெளி. பாகுபாடு ‘பகு’ என்ற வேரில் பிறந்தது. முன்பு வகைபிரித்தல் என்றுதான் பொருள். இலக்கண நூல்களில் சொற்பாகுபாடு என்றால் சொற்களை வகைப்படுத்துவது. இன்றைக்கு அந்தப் பொருளில் யாரும் கேட்பதில்லை. பாகுபாடு என்றதும் ஒருவர் இன்னொருவரை வேண்டுமென்றே தாழ்த்துகிறார் என்றுதான் காதில் விழுகிறது.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. களஞ்சியத்தில் பத்து மூட்டை குறைகிறது என்பது கணக்கு. பத்து மூட்டை திருட்டுப் போயிற்று என்பது குற்றச்சாட்டு. திருட்டாகவும் இருக்கலாம், எலியாகவும் இருக்கலாம், அறுவடையே குறைவாக இருந்திருக்கலாம். கணக்கு எழுதுகிறவர் ‘குறைவு’ என்று எழுதினால்தான் மற்றவர்கள் காரணம் தேட முடியும்.

2018இல் வந்த முதல் அறிக்கைகளில் ரயன்ஏர் விமான நிறுவனத்தின் இடைவெளி 71.8 சதவீதம். காரணம் அறிக்கையிலேயே தெரிந்தது: பிரிட்டனில் அதன் 554 விமானிகளில் பெண்கள் 8 பேர், குறைந்த சம்பளம் வாங்கும் விமானப் பணியாளர்களில் பெண்களே அதிகம். இதைப் ‘பாகுபாடு 71.8 சதவீதம்’ என்று எழுதினால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? ஆண் விமானிக்கு நூறு பவுன் என்றால் பெண் விமானிக்கு இருபத்தெட்டு பவுன் கொடுக்கிறார்கள் என்றுதானே? அறிக்கை அதைச் சொல்லவே இல்லை. விமானியின் இருக்கையில் ஏன் எட்டே பெண்கள் என்று அது கேட்க வைக்கிறது. அதுதான் பெரிய கேள்வி.

மறுபக்கம் இதைவிட மோசம். இடைவெளி பூச்சியம் என்று பதிகிற நிறுவனத்திலும், ஒரே மேசையில் ஒரே வேலை செய்யும் இருவரில் பெண்ணுக்குக் குறைவாகக் கொடுக்க முடியும். மொத்தக் கணக்கில் அது தெரியாமல் போகலாம். அங்கே தமிழ்த் தாளில் ‘ஊதியப் பாகுபாடு: 0’ என்று ஒட்டினால், அந்தப் பெண் எந்த முகத்தோடு போய் முறையிடுவார்?

ஒரே வேலைக்கும் சம மதிப்புள்ள வேலைக்கும் ஒரே ஊதியம் என்பதற்குத் தனிச் சொல்லும் தனி வரலாறும் உண்டு. அது சம ஊதியம். அக்காவின் வீட்டுக்கு எட்டும் தூரத்திலுள்ள டாகனத்தில், ஃபோர்டு கார் ஆலையில் இருக்கை உறை தைத்த 187 பெண்கள் 1968இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய தையலைத் திறன் குறைந்த வேலை என்று தரம் பிரித்து வைத்திருந்தார்கள். அது பாகுபாடு, அந்தச் சொல்லுக்கு அங்கே முழு வேலை உண்டு. அந்தப் போராட்டத்தைத் தொடர்ந்து 1970இல் சம ஊதியச் சட்டம் வந்தது. வேலையின் தரத்தைத் திருத்த 1984இல் இன்னொரு வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது.

‘இடைவெளி என்றால் யாருக்கும் உறைக்காது, பாகுபாடு என்றால்தான் கோபம் வரும்’ என்று ஒரு மொழிபெயர்ப்பாள நண்பர் என்னிடம் வாதாடினார். கோபம் வரும், சரி. அது எங்கே போகும்? அக்கா என்ன செய்தார் தெரியுமா? தன்னோடு அதே ஷிஃப்டில் வேலை செய்யும் ஆண் ஊழியரிடம் சம்பளச் சீட்டை வாங்கி, தன்னுடையதோடு வைத்துப் பார்த்தார். மணிச் சம்பளம் ஒரு பென்னிகூட வித்தியாசமில்லை. “அப்ப இது சும்மா ஒட்டின கடதாசி” என்று விட்டுவிட்டார். ஒரு தவறான சொல் அந்த அறிக்கையையே பொய்யாக்கிவிட்டது.

அதே தாளில் இன்னொன்று. எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் வரும் ‘மீன்’ (mean), வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணான ‘மீடியன்’ (median) இரண்டையும் ‘சராசரி’ என்றே எழுதியிருந்தார்கள்; பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வேறு எண்கள். நான் படித்த தமிழ்நாட்டுப் பாடநூலில் மீடியனுக்கு ‘இடைநிலை அளவு’. அக்கா படித்த இலங்கைப் பாடநூலில் ‘இடையம்’. ஆனால் அங்கே ‘இடை’ என்றால் சராசரி! லண்டனில் இரு நாட்டுத் தமிழரும் சேர்ந்து படிக்கும் தாளில், ‘வரிசையின் நடுவில் நிற்பவரின் சம்பளம்’ என்று விரித்து எழுதிவிடுவதே நல்லது. ‘எம்ப்ளாயர்’ என்பதை ‘முதலாளி’ ஆக்குவதும் இப்படித்தான். நகராட்சிக்கும் அரசு மருத்துவமனைக்கும் முதலாளி யார்? இலங்கையில் புழங்கும் ‘தொழில்தருநர்’ எவ்வளவு தெளிவு!

தலைப்பை நான் எழுதினால் ‘ஆண்–பெண் ஊதிய இடைவெளி அறிக்கை’ என்பேன். ‘ஏற்றத்தாழ்வு’ மோசமில்லை, ஆனால் அதில் பணக்காரர்–ஏழை என்ற நிழல் விழுகிறது. ‘வேறுபாடு’ இரண்டு ஊழியருக்கு நடுவிலும் இருக்கும்.

இதையெல்லாம் சொல்லி, அந்த நாலு கூறுகளைத் தாளின் ஓரத்தில் நாலு கோடாகப் போட்டுக் காட்டினேன். அக்கா மேல் கோட்டில் விரலை வைத்தார். “மாசத்துக்கு ஒருக்கா வாற மேனேஜர்மார் மூண்டு பேரும் ஆம்பிளையள்” என்றார். கீழ்க் கோட்டைக் காட்டி, “இஞ்ச நாங்கள்” என்றார்.

இனவாரியாகவும் இதே கணக்கைக் காட்ட வைக்கும் சட்ட வரைவு வரும் என்று 2024 ஜூலையில், அரசின் சட்டத் திட்டங்களை நாடாளுமன்றத்தில் வாசிக்கும் அரசர் உரையில் அறிவித்தார்கள். அதற்கு ‘இனவாரி ஊதிய இடைவெளி’ என்பதே பொருந்தும். வழக்கமான படிவத்தில் தமிழருக்குத் தனிக் கட்டம் இல்லை. நான் ‘இந்தியர்’ என்ற கட்டத்தில் குறி போடுகிறேன், அக்கா ‘பிற ஆசியர்’ என்ற கட்டத்தில்.