மொய் நோட்டை இருமுறை படியுங்கள்

கனவு காணும்போதே ‘இது கனவு’ என்று அறிந்துகொள்வதற்கான பயிற்சியை மூன்று மாதங்களாகச் செய்துவரும் வாசகி ஒருவர் திருநெல்வேலியிலிருந்து கடிதம் எழுதியிருந்தார். மாலையில் மொட்டை மாடியில் அமர்ந்து மூச்சைக் கவனிக்கிறார். காலையில் எழுந்ததும் கண்ட கனவுகளை ஒரு நோட்டில் எழுதிவைக்கிறார். ஆவணி பிறந்துவிட்டதால் அடுத்தடுத்து ஐந்து கல்யாணங்களுக்குப் போயாக வேண்டும் என்றும், அந்த இரைச்சலிலும் அலைச்சலிலும் சேர்த்துவைத்த கவனமெல்லாம் சிதறிவிடும் என்பதால் ஒரு மாதம் பயிற்சியை நிறுத்திவைக்கலாமா என்றும் கேட்டிருந்தார். நிறுத்த வேண்டாம். இந்தப் பயிற்சிக்கு மொட்டை மாடியைவிடக் கல்யாண மண்டபமே பொருத்தமான இடம் என்பது என் கருத்து. அதற்கான காரணம் நம் நினைவாற்றலின் ஒரு விசித்திரமான கிளையில் இருக்கிறது.

இவ்வகைக் கனவை ‘லூசிட் ட்ரீம்’ என்பார்கள். இங்கே தெளிகனவு என்று சொல்லிக்கொள்வோம். விழிகள் இமைக்குள் விரைந்து அசையும் ‘ரெம்’ உறக்கம் 1953 இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டதும், காட்சிகள் உயிர்ப்போடு விரியும் கனவுகள் பெரும்பாலும் அந்நிலையில்தான் வருகின்றன என்பதும், நாம் கனவில் ஓடும்போது உண்மையில் எழுந்து ஓடிவிடாதபடி மூளைத்தண்டு அப்போது உடலின் தசைகளை முடக்கிவைக்கிறது என்பதும் பலரும் அறிந்தவையே. கண் தசைகள் இந்த முடக்கத்துக்குத் தப்பிவிடுகின்றன. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹர்ன் 1975 ஏப்ரலில் இதைப் பயன்படுத்திக்கொண்டார். ஆலன் வொர்ஸ்லி என்பவர், முன்கூட்டியே பேசிவைத்தபடி, கனவுக்குள் இருந்துகொண்டே கண்களை இடமும் வலமுமாக அசைத்துச் சைகை காட்ட, கருவி அதைத் தாளில் பதிவு செய்தது. சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ் தனியாக இதே முடிவுக்கு வந்தார்.

2021 இல் இது இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் ஆய்வகங்கள் 36 பேரைக்கொண்டு நடத்திய சோதனையில், கனவு கண்டுகொண்டிருந்தவர்களிடம் ஆய்வாளர்கள் கேள்வி கேட்டார்கள். எட்டிலிருந்து ஆறு போனால் எவ்வளவு என்று கேட்டதற்கு ஓர் இளைஞர் கண்களை இருமுறை இடவலமாக அசைத்து விடை சொன்னார். எல்லா முயற்சிகளும் பலிக்கவில்லை; ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குத்தான் சரியான விடை கிடைத்தது. ஆனால் நம் வாசகியின் கேள்விக்கு நெருக்கமான ஒரு செய்தி அந்த ஆய்வில் உண்டு. பங்கேற்றவர்களில் ஒருவர், தாம் கனவில் நண்பர்களோடு ஒரு விருந்தில் இருந்ததாகவும், ஆய்வாளரின் குரல் சினிமாவில் கதை சொல்பவரின் குரல்போல எங்கோ வெளியிலிருந்து கேட்டதாகவும் விழித்தபின் சொன்னார். விருந்தின் நடுவே இருந்துகொண்டு, அதற்கு வெளியிலிருந்து வரும் ஒரு கேள்வியைக் கேட்டு நிற்பது என்பதே இந்தக் கலை முழுவதும்.

கனவில் யானை மாடிப்படி ஏறினாலும் நாம் வியப்பதில்லை. ரெம் உறக்கத்தில் முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதிகள், அதாவது சரிபார்ப்பதற்கும் திட்டமிடுவதற்கும் உரிய பகுதிகள், விழிப்பில் இருப்பதைவிடத் தணிந்த நிலையில் இயங்குகின்றன. விழிப்பில் நம்மை உஷாராக வைத்திருக்கும் நார்அட்ரினலின் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகிறது. ஆகவே ‘இது கனவா’ என்று கேட்கத் தெரியாமல் நாம் தவறுவதில்லை. கேட்க வேண்டும் என்பதே நினைவுக்கு வருவதில்லை.

நினைவு என்றதும் கடந்துபோனதைத்தான் எண்ணுகிறோம். ஆனால் வரப்போகும் ஒரு நேரத்தில் செய்ய வேண்டிய ஒன்றை, அந்த நேரம் வரும்போது, யாரும் சொல்லாமலே தானாக நினைத்துக்கொள்வதும் நினைவுதான். உளவியலாளர்கள் இதை முன்னோக்கு நினைவு என்று தனியாகப் பிரித்து ஆராய்கிறார்கள். இதில் இரண்டு வகை உண்டு. இரவு எட்டு மணிக்கு மாத்திரை போட வேண்டும் என்பது நேரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. பால் கடையைக் கடக்கும்போது தயிர் வாங்க வேண்டும் என்பது ஒரு குறியைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. என்னை மிகவும் கவர்ந்தது இரண்டாவது வகைதான், ஏனென்றால் அது நடக்கும் விதம் ஒரு சிறிய அற்புதம். காலையில் சொன்ன ‘தயிர்’ நாள் முழுவதும் நம் சிந்தையில் இல்லை; அலுவலகத்தில் அதை ஒருமுறைகூட எண்ணவில்லை; ஆயினும் கடையின் பலகை கண்ணில் பட்ட நொடியில், ஆழத்தில் கிடந்த அந்த எண்ணம் தானே மிதந்து மேலே வருகிறது. எழுப்பும் வேலையைக் குறியே செய்துவிடுகிறது. குறி எவ்வளவு துல்லியமோ, அதற்கும் செயலுக்கும் இடையே எவ்வளவு இறுக்கமாக முடிச்சுப் போட்டிருக்கிறோமோ, அவ்வளவுக்கு அது எழும்பும். அதே வேளையில், கடை வாசலில் பழைய நண்பர் ஒருவர் தோளில் கைபோட்டு ஊர்க்கதை பேசத் தொடங்கினால், பலகை கண்ணில் பட்டும் தயிர் எழும்பாது. வீட்டில் திட்டு வாங்கும்போதுதான் எழும்பும்.

கனவில் நம்பத்தக்க கடிகாரம் இல்லை, ஆகவே முதல் வகை அங்கே உதவாது. குறியைக் கண்டால் கேள் என்ற இரண்டாம் வகைதான் வழி. லபெர்ஜ் தாம் வகுத்த முறையை இந்த நினைவின் மீதுதான் கட்டினார்: அடுத்த முறை கனவு காணும்போது, அது கனவு என்பதை நினைத்துக்கொள்வேன் என்று, உறக்கத்துக்குத் திரும்பும் முன் கருத்தோடு சொல்லிக்கொள்வது. நம் கனவுகளில் என்ன வருகிறது என்று பாருங்கள். மனிதர்கள் வருகிறார்கள், கூட்டம் வருகிறது, இறந்த உறவினர் வருகிறார், பேருந்து தவறுகிறது, முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்ற பதற்றம் வருகிறது. மொட்டை மாடியும் மூச்சும் வருவது அபூர்வம். தோளில் கைபோட்டு நம்மை இழுத்துக்கொண்டுபோகும் நண்பர்தான் கனவு. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தயிரை நினைக்கப் பழக வேண்டும்.

கல்யாணத்தில் கெட்டி மேளத்தைக் காட்டிலும் துல்லியமான குறி எனக்குத் தெரியாது. தாலி கட்டும் நொடியில் யாராவது தும்மினாலோ தகாத சொல் சொன்னாலோ காதில் விழாதிருக்கவே மேளத்தை அப்படி முழக்குகிறார்கள் என்பார்கள். காதை மூடுவதற்காக ஏற்பட்ட அந்த ஓசையை நாம் விழிப்பதற்கான மணியாக மாற்றிக்கொள்வதில் ஒரு குறும்பும் இருக்கிறது. நாதசுவரம் உச்சத்தில், எல்லோர் கையிலும் அட்சதை, எல்லோர் கழுத்தும் ஒரே திசையில்: அந்த நொடியில் ‘நான் இப்போது விழித்திருக்கிறேனா’ என்று கேட்க முடிந்தவருக்குக் கனவிலும் அது வாய்க்கக்கூடும். கூட்டத்தில் நம் பெயரை யாராவது சொல்வதும் நல்ல குறியே. இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கவிட்டு ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னால், கவனிக்காத காதில் ஒலித்த சொந்தப் பெயரைக்கூட மூன்றில் ஒருவர்தான் கவனித்தார் என்று 1959 இல் உளவியலாளர் நெவில் மோரே காட்டினார். அந்த ஒருவராக இருக்கப் பழகலாம்.

ஆனால் கேள்வியை மந்திரம்போல முணுமுணுத்தால் பயனில்லை. விழிப்பில் பகலெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்கும் முறையை உருவாக்கிய ஜெர்மானிய உளவியலாளர் பால் தோலி, கனவை ஒத்த சூழல்களில் உண்மையான ஐயத்தோடு கேட்க வேண்டும் என்று வலியுறுத்தினார். ஐயத்தைச் சோதிக்கவும் வேண்டும். மண்டபத்து வாசலில் மொய் எழுதும் மேசை இருக்கும். நோட்டில் ஒரு பெயரையும் தொகையையும் படியுங்கள், வேறு பக்கம் பாருங்கள், திரும்பவும் படியுங்கள். விழிப்பில் 501 எப்போதும் 501 ஆகவே இருக்கும். கனவில் எழுத்தையும் எண்ணையும் நிலையாக வைத்திருக்க வெளியிலிருந்து ஒளி வருவதில்லை. ஒவ்வொரு முறையும் மூளை புதிதாக எழுத வேண்டியிருப்பதால் இரண்டாம் பார்வையில் அவை மாறிவிடுவது வழக்கம். இன்னொரு சோதனை, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்ப்பது. கனவில் பிடிப்பது கனவு மூக்கை என்பதால் மூச்சு தடையின்றி ஓடும். எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முயல வேண்டாம். கனவில் வருபவர்களைக் கணக்குப் போடச் சொல்லி 1989 இல் தோலி வெளியிட்ட ஆய்வின்படி அவர்கள் கணக்கில் மிகவும் பலவீனமானவர்கள். மொய் எழுதுவதற்கு அவர்களை அமர்த்த முடியாது.

தியானம் வீணா என்று கேட்கலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது: பல ஆண்டுகள் தியானம் செய்தவர்களுக்குத் தெளிகனவுகள் கூடுதலாக வருகின்றன, ஆனால் எட்டு வார மனக்கவனப் பயிற்சி வகுப்பு முடித்தவர்களுக்கு அது கூடவில்லை. பல ஆண்டுகளில் அந்தக் கவனம் சந்தைக்கும் சண்டைக்கும் நடுவிலும் பழகிப்போகிறது, எட்டு வாரத்தில் அது வகுப்பறையை விட்டு வெளியே வருவதில்லை என்பது என் ஊகம். இன்று மனக்கவனம் என்று சொல்லப்படுவதற்குப் பாலி மொழியில் ‘சதி’ என்று பெயர், வடமொழியில் ‘ஸ்மிருதி’. இரண்டுக்கும் வேர்ப்பொருள் நினைவு. பெயர் வைத்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. விபாசனா தியானம் செய்பவர்களுக்கு ஆழ்ந்த உறக்கமும் ரெம் உறக்கமும் கூடுதலாக இருப்பதைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 2010 இல் பதிவு செய்தார்கள். தியானத்தின் பெருமையை மேடைகளில் பேசுவதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கை இத்தகைய உறக்க ஆய்வகங்களுக்குக் கொடுத்தால், நம் மண்ணின் பழக்கங்களைப் பற்றி நாமே அளந்து பேசலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பதிலாக நம்மிடம் பலன் சொல்லும் வழக்கம்தான் செழித்திருக்கிறது. கனவில் கல்யாணம் கண்டால் சாவுச் செய்தி வரும் என்று பயமுறுத்துவார்கள். கல்யாணத்துக்குப் போய் வந்தவரின் மூளை அன்றிரவு கல்யாணத்தைத்தான் அசைபோடும், அதில் யமனுக்கு வேலையில்லை. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பதில் மட்டும் ஓர் அரை உண்மை ஒளிந்திருக்கிறது. இரவின் கடைசிப் பகுதியில்தான் ரெம் உறக்கம் நீள்கிறது, உடனே விழித்துவிடுவதால் அக்கனவு நினைவிலும் தங்குகிறது. தெளிகனவுக்கும் உகந்த நேரம் அதுதான். ஆஸ்திரேலியாவில் 2017 இல் வெளியான ஆய்வில், பகலில் கேள்வி கேட்டுப் பழகியதோடு, இரவில் ஐந்து மணி நேரம் உறங்கி எழுந்து, லபெர்ஜின் முறைப்படி சொல்லிக்கொண்டு மீண்டும் உறங்கியவர்களுக்கு ஏறத்தாழ 17 விழுக்காடு இரவுகளில் அது வாய்த்தது. பகலில் கேள்வி கேட்பது மட்டும் தனியாகப் பெரிதாக உதவவில்லை. ஆகவே வாசகி இரண்டையும் சேர்த்துச் செய்யட்டும், ஆனால் வாரத்தில் ஓரிரு நாளுக்கு மேல் உறக்கத்தை உடைக்க வேண்டாம். மெய்யெது மாயையெது என்ற பிடி ஏற்கெனவே தளர்ந்திருக்கும் மனநோய் உள்ளவர்கள் இதில் இறங்கவே கூடாது.

நானும் சென்ற தை மாதம் என் அத்தை மகள் கல்யாணத்தில் கெட்டி மேளத்தைக் குறியாக வைத்துக்கொண்டு போனேன். மேளம் முழங்கியது, அட்சதை தூவினேன், மணமக்களுக்குக் கைகொடுத்தேன், பந்தியில் இரண்டாம் முறை ரசம் ஊற்றியபோதுதான் நினைவு வந்தது. அடுத்த கல்யாணத்திலும் அப்படியே. மூன்றாவதில் மேளம் ஒலித்த நொடியிலேயே கேள்வி வந்தது. மூக்கைப் பிடித்து நின்ற என்னைப் பக்கத்திலிருந்தவர் ஒருமாதிரி பார்த்தார். இரண்டு வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் மீண்டும் ஒரு மண்டபம், மீண்டும் கெட்டி மேளம். ஆறு ஆண்டுகளுக்கு முன் காலமான பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தார். கேள்வி சரியாக எழுந்தது. ஆனால் மூக்கையும் மொய் நோட்டையும் விட்டுவிட்டு, “பெரியப்பா, இது கனவா?” என்று அவரிடமே கேட்டுவிட்டேன். “அதெல்லாம் இல்லடா, இலை போட்டாச்சு, முதல்ல போய் உட்காரு” என்றார். போய் உட்கார்ந்தேன்.