ஆடுகள் அமைத்த ஆடுகளம்

இங்கிலாந்தின் தென்மேற்கில், வடக்கு டெவன் கரையோரமாக வெஸ்ட்வர்ட் ஹோ! என்னும் சிற்றூர் இருக்கிறது. பெயரின் இறுதியில் உள்ள ஆச்சரியக்குறி அச்சுப்பிழை அன்று. ஒரு நாவலின் தலைப்பை ஊருக்குச் சூட்டியபோது அந்தக் குறியும் கூடவே வந்துவிட்டது. அவ்வூரை ஒட்டி, நார்தம் பரோஸ் என்ற பொது மேய்ச்சல் நிலத்தில் 1864-இல் தொடங்கப்பட்ட ராயல் நார்த் டெவன் கோல்ஃப் திடல், தொடங்கிய இடத்திலேயே இன்றும் ஆடப்பட்டுவரும் திடல்களுள் இங்கிலாந்தில் மிகப் பழமையானது. ஸ்காட்லாந்திலிருந்து புகழ்பெற்ற கோல்ஃப் ஆட்டக்காரர் ஓல்டு டாம் மாரிஸ் வந்து துளைகளுக்கு, அதாவது பந்து விழவேண்டிய குழிகளுக்கும் அவற்றை நோக்கி ஆடும் பாதைகளுக்கும், இடம் குறித்துக் கொடுத்தார். 1908-இல் திடல் வடிவமைப்பாளர் ஹெர்பர்ட் ஃபவுலர் அதைத் திருத்தியமைத்தார். இன்று ஆடப்படுவது பெரும்பாலும் அவர் விட்டுச்சென்ற வடிவமே. இருவரும் கிடைத்த நிலத்தின் போக்கைப் பார்த்து, எங்கே நின்று எதை நோக்கி அடிப்பது என்று முடிவு செய்தார்கள். நிலத்தை உருவாக்கும் வேலையைக் கடலும் காற்றும் செம்மறிகளும் முன்பே முடித்திருந்தன.

திடலுக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாம்பல் நிறக் கூழாங்கற்கள் அரண்போலக் குவிந்து கிடக்கின்றன. தென்மேற்கே உள்ள பாறைமுகடுகளிலிருந்து உடைந்து விழுந்த கற்களை, கரையில் சாய்வாக வந்து மோதும் அலைகள் நூற்றாண்டுக் கணக்கில் உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தவை இவை. வெறும் கற்குவியல் அலைக்கு முன் எப்படி நிற்கிறது? மேலேறும் அலை, கற்களைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. திரும்பும்போது நீரில் பெரும்பகுதி கற்களின் இடுக்குகளுக்குள் வடிந்துவிடுவதால், ஏற்றிய கற்களை இழுத்துக்கொண்டு இறங்க அதற்கு வலு போதுவதில்லை. ஆகவே அலை தானே தனக்கு ஒரு தடுப்பை எழுப்பிக்கொள்கிறது. அதன் மறைவில்தான் மணற்பாங்கான இந்தத் தாழ்நிலம் பிழைத்திருக்கிறது.

மணலில் நீர் நிற்காது. நீரோடு சேர்ந்து சத்தும் இறங்கிவிடும். அகன்ற இலையுள்ள கொழுத்த புற்களுக்கு இது பஞ்ச பூமி. நூல்போன்ற இலையும் ஆழமான வேரும் கொண்ட ஃபெஸ்க்யூ புல்லுக்கோ இதுவே போதும். இனி ஆடுகளின் பங்கு. செடிகள் பலவற்றுக்கு வளர்நுனி உச்சியில் இருப்பதால், ஆடு ஒரு கடி கடித்தாலே வளர்ச்சி தடைபடும். புல்லுக்கு அந்த நுனி மண்ணை ஒட்டி அடியில் இருப்பதால், மேலே எத்தனை முறை கறித்தாலும் அது மறுபடி தழைக்கும். இப்படி மேய்ந்து மேய்ந்தே, களைகள் ஒடுங்கி, பந்து துள்ளி ஓடும் இறுகிய புல்தரை உண்டாயிற்று. இன்றும் ஆட்டத்தின் நடுவே செம்மறிகளும் குதிரைகளும் குறுக்கே நடந்து போகின்றன.

திடலின் பிற்பாதியில் சட்டென்று காட்சி மாறுகிறது. ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்து, கோணி ஊசிபோன்ற நுனிகளோடு, கோரையைப் போன்ற கடற்கரைச் செடி புதர் புதராக நிற்கிறது. பந்து உள்ளே போனால் கையை விட்டுத் தேட யாருக்கும் மனம் வராது. ஆடுகளும் அதே காரணத்தால்தான் அதன் பக்கம் போவதில்லை. மொட்டையான தரை, முரட்டுப் புதர் இரண்டுக்கும் காரணம் ஒரே வாய்தான் என்பது இத்திடலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

நான்காவது துளையில் ‘கேப்’ என்ற பங்கர், அதாவது மணற்குழி, ஏறத்தாழ 90 மீட்டர் அகலத்துக்கு வழியை மறிக்கிறது. அதன் செங்குத்தான முகப்பில் ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள். அழகுக்காக என்று நினைக்கத் தோன்றும்; உலர்ந்த மணல் சுமார் 34 பாகைக்கு மேல் சாய்ந்து நிற்காது, சரிந்துவிடும் என்பதே காரணம்.

மரமே இல்லாத இந்த வெளியில் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. பின்சுழற்சியோடு பறக்கும் பந்துக்கு, எதிர்காற்று வீச வீசத் தூக்குவிசையும் இழுவிசையும் சேர்ந்தே கூடும். பந்து மேலே எழும்பி, முன்னேறாமல், சொத்தென்று விழும். தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு என்பதால், தாழ அடித்து உருள விடுவதே இங்கு கெட்டிக்காரத்தனம். அதற்கு இடங்கொடுப்பது அந்த இறுகிய தரை. நார்தத்தில் 1871-இல் பிறந்து, சிறுவயதில் இங்கே கோல்ஃப் பை சுமந்த ஜே.எச். டெய்லர், பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டியான ஓபன் பட்டத்தை ஐந்து முறை வென்றார். ஐந்தாவது முறை, 1913-இல் இங்கிலாந்தின் ஹாய்லேக் திடலில், சூறைக்காற்றில் மற்றவர்கள் தடுமாற, அவர் மற்றவர்களைவிட 8 முறை குறைவாகப் பந்தை அடித்து வென்றார்.

கூழாங்கல் அரணுக்கு வந்து சேரும் கற்களைவிட, அலைகள் அள்ளிச்செல்பவை இப்போது அதிகம். அரண் நிலத்தை நோக்கிப் பின்வாங்குகிறது; எட்டாவது துளையின் பக்கம் புயல்களில் கரை அரிக்கப்பட்டுத் திடலே குறுகிவிட்டது. முற்காலத்தில், இந்நிலத்தில் கால்நடை மேய்க்கும் உரிமை பெற்ற ஊரார், அதற்கு ஈடாக, கடல் உருட்டித் தள்ளிய கற்களைக் கையால் பொறுக்கி மறுபடி அரணின் மேல் எறிந்து வந்தார்கள். அந்த வழக்கம் இன்று ஒரு திருவிழாவாக மட்டும் எஞ்சியிருக்கிறது.