சொம்மெர்சோ: மூழ்கியதா, தோய்ந்ததா, அமிழ்ந்ததா?

ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரும், வெனிஸுக்குப் பக்கத்து முரானோ தீவில் ஊதிச் செய்த ‘சொம்மெர்சோ’ பூச்சாடியும் சொல்வழியில் பங்காளிகள். ‘சுப்மெர்கெரே’, அதாவது ‘கீழே அமிழ்த்து’, என்ற லத்தீன் வினைதான் இரண்டுக்கும் மூலம். இத்தாலிய மொழியில் அது ‘சொம்மெர்ஜெரே’ ஆயிற்று. ‘அமிழ்ந்த’ என்பதற்கு ‘சொம்மெர்சோ’. வரிக் கணக்குக்கு வராமல் நடக்கும் வியாபாரத்தையும் இத்தாலியர் ‘எக்கொனொமியா சொம்மெர்சா’ என்பார்கள். நாம் கறுப்புப் பணம் என்கிறோம். அவர்களுக்கு அது தண்ணீருக்கடியில் இருக்கிறது.

கண்ணாடித் தொழிலில் இதன் பொருள் கறாரானது. ஊதுகுழலின் நுனியில் எடுத்த நிறக் கண்ணாடித் திரளையை, வேறு நிறமோ நிறமற்றதோ உருகிக் கிடக்கும் மூசைக்குள் முக்கி எடுக்கிறார்கள். மேலே ஒரு தடித்த போர்வை ஏறுகிறது. மறுபடி முக்கினால் மூன்றாவது நிறம். எல்லாக் கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவு விரிந்து சுருங்க வேண்டும். இல்லையென்றால் ஆறும்போது விரிசல் விடும். கையில் எடுத்தால் சாடி எதிர்பாராத கனம் கனக்கும். உள்நிறம் தெளிந்த குளத்தடியில் கிடப்பதுபோல் தெரியும்.

1930களின் நடுவில் முரானோவின் வெனினி ஆலையில் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்பா குமிழிகளையும் தங்கத் தகட்டையும் இப்படி உள்ளே அமிழ்த்தினார். சொல்லுக்குப் புகழ் சேர்த்தவர், செகூசோ வேத்ரி தார்த்தே ஆலைக்கு வடிவமைத்த ஃப்ளாவியோ போலி. 1954-இல் அவருக்கு இத்தாலியின் வடிவமைப்பு விருதான கொம்பாஸ்ஸோ தோரோ கிடைத்தது. அதன்பின் முரானோவில் பட்டறைக்குப் பட்டறை இதைச் செய்தார்கள்.

குழப்பமும் அங்கேதான். விற்பவர்கள் ‘சொம்மெர்சோ’ என்று எழுதினால் வாங்குபவர் ‘போலி’ என்று வாசித்துக்கொள்கிறார். (ஐயா பெயர் தமிழில் இப்படி வாய்த்துவிட்டது, நான் என்ன செய்ய!) சொம்மெர்சோ என்பது செய்முறையின் பெயர். செய்தவரையோ ஆண்டையோ அது சொல்லாது. பட்டை தீட்டிய கனத்த சாடி எதைப் பார்த்தாலும் மாந்த்ருஸ்ஸாத்தோ என்ற முரானோ பட்டறையின் பெயரைச் சூட்டுவதும் இதே அவசரம்தான். அந்த வகையைப் பலரும் செய்தார்கள்.

ஆளைத் தேட வேண்டுமானால் சாடியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். வெனினி என்றால் அமிலத்தால் பொறித்த முத்திரையோ கீறிய கையெழுத்தோ அடியில் இருக்கலாம். மற்றப் பட்டறைகள் பலவும் காகிதத்திலோ தகட்டிலோ சீட்டு ஒட்டியதோடு விட்டார்கள். சீட்டு கழுவக் கழுவப் போய்விடும், புதிதாக ஒட்டவும் எளிது. பல்லாண்டு மேசையில் நகர்ந்த அடிப்பாகத்தில் மெல்லிய கீறல்கள் எத்திசையிலும் ஓடும். எல்லாம் ஒரே பக்கமாக இழுத்திருந்தால் உப்புத்தாள் வேலையோ என்று சந்தேகப்படுங்கள். புற ஊதா விளக்கில் பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால் யுரேனியம் கலந்த கண்ணாடியாக இருக்கலாம். ஆனால் அதை இன்றும் செய்கிறார்கள் என்பதால் அதுமட்டும் வயதுக்குச் சாட்சியாகாது. செக்கோஸ்லோவாக்கியாவிலும் நிறத்தின்மேல் நிறம் போர்த்திய சாடிகள் வந்தன. அவையும் முரானோ என்றே விலைபோகின்றன.

தமிழில் என்ன சொல்லலாம்? சப்மெர்சிபிளுக்கு ‘நீர்மூழ்கி’ நன்றாகப் பொருந்தியது. ‘மூழ்கிய கண்ணாடி’ என்றாலோ கடலடியில் கப்பலோடு போனதுபோல் இருக்கிறது. ‘தோய்’ செய்முறைக்கு நெருக்கம்தான். ஆனால் தோய்ச்சல் கொல்லுப்பட்டறைச் சொல். காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் தோய்த்து உரமேற்றுவது. கண்ணாடியை அப்படித் தோய்த்தால் சிதறிவிடும். எனக்குப் பிடித்தது ‘அமிழ்வண்ணக் கண்ணாடி’. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை: அமிழ்ந்த, அமிழ்கின்ற, அமிழும் வண்ணம். மூலச்சொல்லில் இருப்பது இறந்தகாலம் மட்டுமே. ஆனால் சாடியைத் திருப்பத் திருப்ப நிறம் இன்னும் உள்ளே இறங்குவதுபோல் தோன்றுவதால், முக்காலமும் இருப்பதில் தவறில்லை.

முத்திரையோ சீட்டோ இல்லாத சாடிக்கு நான் எழுதும் குறிப்பு இவ்வளவுதான்: அமிழ்வண்ணப் பூச்சாடி, முரானோ பாணி, செய்தவர் தெரியவில்லை.